இருக்கிற விரல்களுக்கு விலை இல்லை

அப்பாவின் வலது கையில் ஐந்து விரல்களும் இருந்தன. எங்கள் விண்ணப்பத்தில் இருந்த சிக்கலே அதுதான்.

தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு மர மில்லில் அப்பா வேலை பார்த்தார். மலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் தடிகளை டிராலியில் ஏற்றி, நூல் பிடித்துக் கோடு போட்டு, ரம்பத்துக்கு நேராகத் தள்ளிக்கொடுக்க வேண்டும். கோடு ஒரு நூல் விலகினாலும் பலகை வீணாகிவிடும். அப்பா போட்ட கோடு விலகியது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடியைப் பார்த்தவுடன் அதில் எத்தனை பலகை தேறும் என்று சொல்லிவிடுவார்.

நான் பத்தாவது படித்த வருஷம், ஐப்பசி மழையில் நனைந்த வேங்கைத் தடி ஒன்று டிராலியிலிருந்து வழுக்கி உருண்டது. அப்பாவின் வலது கை தடிக்கும் டிராலி ஓடும் தண்டவாளத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று விரல்களை எடுத்துவிடலாம் என்றாராம். நரம்பு செத்துவிட்டது, வைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று விளக்கமாகவே சொல்லியிருக்கிறார். அந்த வலியிலும் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு ஒரே பொம்பளப் பிள்ளை டாக்டர். அவளைத் தாரை வார்த்துக் குடுக்குத கை முழுசா இருக்கணும். அசையாட்டாலும் பரவாயில்ல, இருந்தாப் போதும்."

அம்மா இதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொன்னாள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

விரல்கள் இருந்தன. தைத்த தழும்புகளோடு, நீலம் பாரித்து, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல விறைத்து நின்றன. முதல் இரண்டு மாதம் அம்மா சோறு ஊட்டினாள். பிறகு அப்பா அதையும் வேண்டாம் என்றுவிட்டார். இடது கையால் சாப்பிடவும் மாட்டார். ஒரு கரண்டியை வலது கையில் துணியால் வரிந்து கட்டச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். பாதிச் சோறு தரையில் கிடக்கும். அம்மா கூட்டி எடுப்பாள்.

மில்லிலிருந்து கொஞ்ச நாள் அரைச் சம்பளம் வந்தது. பிறகு நின்றுபோனது. மாசி மாதம் மில் கணக்கப்பிள்ளை ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். முதலாளி ஒரு தொகை கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அதோடு மில் வாசலில் வாச்மேன் வேலையும் தருவதாகச் சொல்கிறார், இதில் கைநாட்டு வைத்தால் போதும் என்றார். வாச்மேன் வேலை என்றதும் அம்மாவின் முகம் தெளிந்தது. அப்பா இடது கைப் பெருவிரலை நீட்டினார். கணக்கப்பிள்ளை மைப்பெட்டியைத் திறந்தார்.

நான் அந்தக் காகிதத்தைக் கேட்டேன்.

"ஏட்டி, பெரியவங்க பேசுத இடத்துல உனக்கென்ன சோலி?" என்றார் கணக்கப்பிள்ளை. பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, மகள வக்கீலுக்குப் படிக்க வைக்கேளோ?"

"அவ படிச்சிட்டுச் சொல்லட்டும்" என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் ஆணிலும் பெண்ணிலும் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான். அதை ஒரு நிமிஷம்கூட மறக்காத வயது அது. காகிதத்தை உரக்க வாசித்தேன். இதைப் பெற்றுக்கொண்டதோடு அந்த விபத்து சம்பந்தமாக எந்தப் பாத்தியதையும் இல்லை, இனி எப்போதும் கோரமாட்டேன் என்று எழுதியிருந்தது. வாச்மேன் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சொன்னேன். கணக்கப்பிள்ளை, வாயால் சொன்னால் போதாதா, முதலாளி வார்த்தை மாறுவாரா என்று கேட்டார். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் மைப்பெட்டியை மூடினார்.

அப்பாவின் விரல் அப்போதும் நீட்டியபடியே இருந்தது. அவர் அதை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தாள். கையில் வந்த வேலையை நான் தட்டிவிட்டேன் என்று அடுக்களையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை. இனி ஏதாவது வாங்கிக் கொடுக்க முடிந்தால்தான் நான் செய்தது சரி. இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டவள் ஆவேன்.

சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் மில் ஆபீஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சாமி படங்களின் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு காகிதமும் தொங்கியது. ஆயுத பூஜைக்கு எல்லாப் படங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அதற்கும் சேர்த்து வைத்துவிடுவார்கள். மாலைகூடப் போட்டிருந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்த இடங்களில் எழுத்து தெரியும். தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கம் அது. அடிபட்டவன் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. வேறொன்றும் செய்வதற்கில்லாமல் அதைப் பல தடவை வாசித்திருந்தேன். மில்லில் வேலை பார்த்த யாரும் அது ஒரு சாமி படம் இல்லை என்று கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தென்காசிக் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, முதலாளிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதற்கென்று இருக்கும் கமிஷனருக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும், விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் அனுப்பாவிட்டால் தள்ளிவிடுவார்கள் என்றார். தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். நான் எழுதிக்கொள்கிறேன், விண்ணப்பப் பாரத்தை மட்டும் காட்டுங்கள் என்றேன்.

"இங்கிலீசுல எழுதணும் தாயி. அடிச்சுத் திருத்தி அனுப்பினா அங்கன தூக்கிக் குப்பையில போட்டுருவான்" என்றார்.

அடிக்காமல் திருத்தாமல்தான் எழுதினேன். நான்கு தடவை நோட்டில் எழுதிப் பார்த்து ஐந்தாவது தடவை பாரத்தில் எழுதினேன். என் கையெழுத்து அதில் எவ்வளவு அழகாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. அதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை உண்டு. மனு எழுதுகிறவர் வைத்திருந்த பழைய புத்தகத்திலிருந்து அதை நகல் எடுத்து வந்தேன். பெருவிரல் போனால் இவ்வளவு, ஆட்காட்டி விரல் போனால் இவ்வளவு என்று சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை பங்கு குறைந்தது என்பதை ஒவ்வொரு உறுப்பாக எழுதியிருந்தது. வீட்டில் அதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துத் தமிழில் சொன்னேன். வெட்டுப்பட்ட விரலுக்கு யாரும் வாதாட வேண்டாம், அட்டவணையைப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். விரல் இருந்து விளங்காமல் போனால் டாக்டர் பார்த்து எழுத வேண்டும். அவர் எழுதுவதுதான் கணக்கு.

அப்பா கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ வெட்டியிருந்தா இந்த அலைச்சல் இல்லை, என்ன?"

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். யாருக்காக வெட்டாமல் விட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

விண்ணப்பம் போனது. மில்லிலிருந்து பதில் போட்டார்கள். இவருக்கு விரல் எதுவும் போகவில்லை, வேலை செய்ய மனமில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்பது அதன் சாரம். திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரியில் கையைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கமிஷனர் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ஆவணியில் ஒரு நாள் குறித்திருந்தார்கள்.

அதற்குள் ஆனி பிறந்து சாரல் ஆரம்பித்துவிட்டது. அம்மா அப்பாவைக் குற்றாலத்துக்கு அனுப்பினாள். மூலிகையில் ஊறி வருகிற தண்ணீர், செத்த நரம்புக்கும் உயிர் கொடுக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. அப்பா விடியற்காலையில் நடந்தே போய்விடுவார். மருந்தெண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியில் கூட்டத்துக்குள் போகாமல் ஓரமாக நின்று, அந்தக் கையை மட்டும் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கூடப் போனோம். சுற்றிலும் ஜனங்கள் கூச்சல் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் யாரிடமோ எதையோ கேட்பவரைப்போல் கையை நீட்டியபடி, கண்ணை மூடி நின்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆடி நடுவில் ஒரு நாள் அம்மா ஓடிவந்து சொன்னாள். ஆட்காட்டி விரல் கொஞ்சம் மடங்குகிறதாம். அப்பா காட்டினார். பெருவிரலை நோக்கி அது ஒரு நெல் நீளத்துக்கு அசைந்து, நடுங்கி, நின்றது. அப்பாவின் நெற்றியில் வேர்த்திருந்தது. அம்மா சாமி மாடத்தில் விளக்கு ஏற்றினாள்.

நான் நாட்களை எண்ணினேன். ஆவணியில் குறித்த நாளுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அதற்குள் இன்னும் ஒரு நெல் நீளம் மடங்கிவிட்டால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன். பெற்ற அப்பாவின் கை குணமாகக்கூடாது, இப்போதைக்குக் குணமாகக்கூடாது என்று நினைத்தேன். அந்த இருபது நாளும் தினமும் அந்த விரலைப் பயத்தோடு பார்த்தேன். இனி அருவிக்குப் போகவேண்டாம், ஜலதோஷம் பிடிக்கும் என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். மறுநாளிலிருந்து போகவில்லை. அம்மா ஏன் என்று கேட்டபோது, கால் வலிக்கிறது என்றார்.

திருநெல்வேலிக்குப் போகிற அன்று காலையில் ரயிலில் வைத்து அப்பாவிடம் சொன்னேன்.

"டாக்டர் மடக்கச் சொன்னா அந்த விரல மடக்காதீங்க அப்பா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி தலையை ஆட்டினார். அது சரி என்றா, வண்டி ஆட்டமா என்று தெரியவில்லை. மறுபடியும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். கடுமையானவர் இல்லை. அப்பாவை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஊசியால் குத்திப் பார்த்தார். மடக்கச் சொன்னார். அப்பா மடக்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், சும்மா நிற்பதற்கே அவ்வளவு பாடுபட்டார்.

டாக்டர் ஒரு சீட்டில் ஏதோ எழுதினார். "எக்ஸ்ரே ரூம்ல குடும்" என்று, தலை நிமிராமலே அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா வலது கையை நீட்டினார். பெரியவர்களிடம் வாங்கும்போது செய்வதுபோல், இடது கை தானாகப் போய் வலது முழங்கையைத் தொட்டது. ஆட்காட்டி விரல் அந்த ஒரு நெல் நீளம் மடங்கியது. பெருவிரலுக்கும் அதற்கும் நடுவே சீட்டு நின்றது. சீட்டு விழவில்லை.

டாக்டர் நிமிர்ந்தார்.

"பிடிக்க முடியுதே?"

"முடியுது டாக்டர்" என்றார் அப்பா. அடிபட்டதிலிருந்து அவர் முகத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா நகர ஆரம்பித்ததும், அப்பாவின் நீட்டிய இடது பெருவிரலும், மூடிய மைப்பெட்டியும், அடுக்களையில் அம்மாவின் முதுகும் எனக்கு நினைவுக்கு வந்தன. இங்கிலீஷில் பேச வேண்டும் என்று வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"டாக்டர், அப்பா எடது கையால எதையும் வாங்க மாட்டாவ. சாப்பிடக்கூட மாட்டாவ, கரண்டியைக் கட்டிக்கிட்டுத்தான் சாப்பிடுதாவ. நீங்க குடுத்தீங்கன்னு மரியாதைக்கு வாங்குனாவ. அந்தக் கையில வேற எதுவும் நிக்காது."

டாக்டர் என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டை, காகிதம் பறக்காமல் வைக்கிற குண்டை, எடுத்து அப்பாவின் வலது உள்ளங்கையில் வைத்தார். "பிடியும்" என்றார். அது விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. அப்பா குனிந்து இடது கையால் எடுத்து, மேஜையில் வைத்தார். டாக்டர் மறுபடியும் வைத்தார். அப்பா இந்தத் தடவை உண்மையாகவே பிடிக்கப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்துவிட்டு, பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று பார்த்தார். குண்டு மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை டாக்டர் வைக்கப் போனபோது அப்பா கையை நீட்டவில்லை.

"போதும்" என்றார் டாக்டர். வெகுநேரம் எழுதினார்.

திரும்பும்போது அம்பாசமுத்திரம் தாண்டியதும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, கரண்டியைக் கட்டத் துணியை எடுத்தேன். அப்பா வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். வெளியே கடனாநதிப் பக்கம் நாற்று நட்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்கூட வேலை பாத்தவன் ஒருத்தன்கூட என் கையப் பத்தி அப்படிச் சொல்லலட்டி."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பதில் இருந்தது. நான் சொன்னது முழுவதும் உண்மை. அதற்கு முன் ரயிலில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான் பொய். ஆனால் அப்பா அந்தப் பொய்க்கு என்னைக் கோபிக்கவில்லை, உண்மைக்குத்தான் கோபித்தார். இதை எந்த வாக்கியத்தில் சரிப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் உத்தரவு வந்தது. டாக்டர் எழுதியதைக் கமிஷனர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை கொண்டுவந்த காகிதத்தில் இருந்ததைப்போல் பல மடங்கு தொகை. அம்மா அழுதாள், பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னாள், என் தலையைத் தடவினாள். நான் உத்தரவை உரக்க வாசித்தேன். நிரந்தர இயலாமை என்ற வார்த்தை வந்தபோது வேகமாக வாசித்துத் தாண்டினேன். அப்பா இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து, காட்டிய இடத்தில் வைத்தார்.

அந்தப் பணத்தில்தான் நான் பதினொன்றாவது முடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். அப்பா ஒரு விறகுக்கடையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் யாராவது மில்லில் அடிபட்டால் என்னைத் தேடி வருகிறார்கள். அட்டவணை இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாளைக்குள் என்று சொல்கிறேன். டாக்டர் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாருக்கும் நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

வாசுதேவநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த உத்தரவு வந்த அன்று, அதை அப்பாவிடம் நீட்டினேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அவர் கையில்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று தபால்காரரிடம் வாங்கியதிலிருந்து வேறு யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தேன். அவர் இடது கையை நீட்டி வாங்கினார்.

அம்மா பதறிப்போனாள். பிள்ளையின் முதல் உத்தரவை அந்தக் கையிலா வாங்குவது என்று கேட்டாள்.

"வலது கைக்குத்தான் சர்க்கார்ல வெல வாங்கியாச்சே" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. உத்தரவை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து யார் எதைக் கொடுத்தாலும் இடது கையால்தான் வாங்குகிறார். கோயிலில் மட்டும் பிரசாதத் தட்டு வரும்போது பின்னால் நகர்ந்துகொள்கிறார்.

இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சிவகிரியிலிருந்து ஒரு இடம் வந்து ஏறக்குறைய முடிவாகிவிட்டது. தாரை வார்க்க மாமாவையும் மாமியையும் நிற்கச் சொல்லலாம் என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா மறுக்கவில்லை. நான்தான் மறுத்தேன். அந்தக் கையில் ஐந்து விரலும் ஏன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அந்தக் கைதான் வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நேற்று சாயங்காலம் அவர் அந்த ஆட்காட்டி விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெல் நீளத்துக்கு மேல் அது மடங்கவில்லை.